முன்னாள் குழந்தை மேதையைப் பற்றி நாவல் எழுதப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழு வயதில் மேடையேறி ஊரையே அசத்திய பையன், முப்பத்தைந்து வயதில் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். இந்தக் கருவை நாவலாக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். நாவல் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. கச்சேரி கேட்பது என் பைத்தியம். அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இது.

குழந்தை மேதை என்று யாரைச் சொல்வது? டிவி போட்டியில் நன்றாகப் பாடும் குழந்தைகள் எல்லாரும் அதில் வருவார்களா?

வர மாட்டார்கள். பத்து வயதுக்குள், தேர்ந்த பெரியவர் ஒருவரின் தரத்தில் ஒரு கலையைச் செய்பவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். ‘வயசுக்கு மீறிப் பாடுகிறது குழந்தை’ என்பது வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வயதே தெரியக்கூடாது, அதுதான் அளவு. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 1978-ல் குடிவாடாவில் முதல் கச்சேரி வாசித்தபோது அவருக்கு ஒன்பது வயது. அதுவரை கர்நாடக சங்கீதத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு வாத்தியத்தில் அவர் ராகம் வாசித்ததைக் கேட்டு மூத்த வித்வான்களே அசந்துபோனார்கள்.

அவர் பெயரை வேண்டுமென்றே முதலில் சொல்கிறேன். 2014-ல் 45 வயதில் காலமாகும்வரை அவர் உச்சத்தில்தான் இருந்தார். குழந்தை மேதை என்றால் பின்னால் விழுந்தே தீரவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. உங்கள் ஆள் விழுந்தால், அவன் மட்டும் ஏன் விழுந்தான் என்பதற்கு நாவலுக்குள் காரணம் இருக்க வேண்டும்.

பெரியவனானதும் திறமை எங்கே போகிறது?

பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை. நான் படிக்கும் பிரதிகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ‘வரம் பறிபோய்விட்டது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மீதிக் கதையைச் சோகத்தில் ஓட்டிவிடுகிறார்கள். உண்மையில் நடப்பது இதைவிட நுட்பமானது, எழுத்தாளனுக்கு இதைவிட அதிகம் தீனி போடக்கூடியது.

வயலின் மேதை யெஹுதி மெனுகின் தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு சம்பவத்தைப் பாருங்கள். ஏறக்குறைய பத்து வயதில், பிரஸ்ஸல்ஸில் இருந்த பெரிய வித்வான் யூஜீன் இசாயியிடம் அவரை அழைத்துப்போனார்கள். பையன் கடினமான ஒரு படைப்பை வாசித்தான். பெரியவருக்குப் பரம திருப்தி. அப்புறம் அவர் மிக எளிய ஒன்றைக் கேட்டார்: ஏ மேஜர் ஆர்பெஜியோவை நான்கு ஸ்தாயிக்கு வாசித்துக் காட்டு. நம் கணக்கில் ச க ப ச என்று படிப்படியாக மேலே ஏறிப்போவதுதான். பையனால் முடியவில்லை. விரல்கள் தந்தி மேல் இடம் தெரியாமல் தடவின. ஸ்கேலும் ஆர்பெஜியோவும் சாதகம் செய் என்று பெரியவர் சொல்லி அனுப்பினார்.

மலையைத் தாண்டியவனுக்கு வாசற்படி ஏறத் தெரியவில்லை. அவனுக்கு வாசிக்கத் தெரியும். எப்படி வாசிக்கிறோம் என்று தெரியாது. அந்தத் தெரியாமை சின்ன வயதில் தொந்தரவு செய்யவில்லை. 11 வயதில் நியூயார்க் கார்னகி ஹாலில் பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ (ஒற்றை வாத்தியத்துக்கும் இசைக்குழுவுக்குமான பெரிய படைப்பு) வாசித்தார், 1929-ல் பெர்லினில் ஒரே மாலையில் மூன்று கான்செர்ட்டோக்கள் வாசித்தார். பெரியவரான பிறகுதான் வில் பிடிக்கும் கையே பிரச்சினையானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்களுக்காக நூற்றுக்கணக்கான கச்சேரிகள் வாசித்திருந்தார். அதற்குப் பிறகு தன் நுட்பத்தை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்து மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1952-ல் பம்பாயில் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகா கற்கத் தொடங்கியதும் அந்தத் தேடலின் ஒரு பகுதிதான். உலகப் புகழோடு இருந்த ஒரு மனிதர், வில்லை எப்படிப் பிடிப்பது என்று முதலிலிருந்து தேடினார்.

எம்.ஐ.டி.யில் இருந்த இசை அறிஞர் ஜீன் பாம்பர்கர் 1982-ல் இதைத் தெளிவாக எழுதினார். குழந்தை மேதைகளுக்கு நடுவயது நெருக்கடி பதின்ம வயதிலேயே வந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. குழந்தையில் காது, விரல், நினைவு எல்லாம் ஒன்றாக ஓடும். பதின்ம வயதில் யோசிக்கிற புத்தி உள்ளே வந்ததும் அந்த ஒருமை பிரிகிறது. பிரிந்ததைச் சிலர் வேறு விதமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், சிலரால் முடிவதில்லை.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவது சுலபம். குரு பாடியதை அப்படியே திருப்பிப் பாடிவந்த பையனிடம் பதினான்கு வயதில் யாரோ கேட்கிறார்கள்: ‘தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தை ஏன்டா இப்படி அசைக்கிறே?’ அவனுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த தடவை தோடி பாடும்போது அந்த இடம் வருவதற்கு முன்பே அது வரப்போகிறது என்று நினைக்கிறான். நாவல் ஆரம்பிக்க வேண்டிய இடம் அந்த ஒரு கணம்.

நிஜமாகவே முழுக்க வழி தவறிய ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். யாரைப் படிக்கலாம்?

எர்வின் நிரெஜ்ஹாஸி. 1903-ல் புடாபெஸ்டில் பிறந்த பியானோ கலைஞர். அப்பா ஓபரா என்ற இசை நாடகத்தில் கோரஸ் பாடியவர். பையன் ஏழு வயதாக இருந்தபோது கேசா ரெவெஸ் என்ற உளவியலாளர் அவனைச் சோதிக்கத் தொடங்கி, சில வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1916-ல் அதை ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றி ஒரு முழுப் புத்தகம்! பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு வாசித்தது 12 வயதில். 1920-ல் கார்னகி ஹால்.

அதற்குப் பிறகுதான் கதை. அமெரிக்காவுக்கு வந்தபோது அவருக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது, தட்டில் இருக்கும் இறைச்சியை வெட்டிக்கொள்ளத் தெரியாது. அம்மாவே எல்லாம் செய்துவந்தார், கை பியானோவுக்கு மட்டும் என்று. அந்த ஆளைப் பிடித்து ஒப்பந்தம், மேனேஜர், வாடகை என்று ஒரு உலகத்தில் விட்டால் என்ன ஆகும்? 1925-ல் மேனேஜர் மீது வழக்குப் போட்டுத் தோற்றார்; வாய்ப்புகள் வற்றின. லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போனார். ஹாலிவுட்டில் கிடைத்த வேலைகளைச் செய்தார். திரையில் நடிகர் பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பார், க்ளோசப்பில் தெரிவது இவருடைய கைகள். பத்துத் திருமணங்கள். மலிவான அறைகளில் குடியிருந்துகொண்டு, பல பத்தாண்டுகள் சொந்தமாக ஒரு பியானோகூட இல்லாமல், காகிதத்தில் இசை எழுதிக்கொண்டே இருந்தார்.

1973-ல் நோயுற்ற மனைவியின் மருத்துவச் செலவுக்காக சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தேவாலயத்தில் வாசித்தார். கேட்க வந்த ஒருவர் அதைக் கேசட்டில் பதிவு செய்ய, 1977-ல் அது இசைத்தட்டாக வந்து பரபரப்பானது. தப்பு ஸ்வரங்கள் ஏராளம். ஆனால் பியானோவிலிருந்து அப்படி ஒரு கனத்த நாதத்தை யாரும் கேட்டதில்லை என்றார்கள் ஒரு சாரார். வெறும் குளறுபடி என்றார்கள் மறு சாரார். 1980-களில் ஜப்பான் போய் வாசித்தார். 1987-ல் இறந்தார்.

நான் அவரைப் பரிந்துரைப்பது அந்த ஷூ லேஸுக்காக. பையனுக்குப் பதிலாக யாரெல்லாம் என்னவெல்லாம் செய்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். யார் சாப்பாடு ஊட்டினார், யார் பெட்டி தூக்கினார், எந்தக் கச்சேரியை ஒப்புக்கொள்வது என்று யார் தீர்மானித்தார், இன்று என்ன பாடுவது என்று யார் சொன்னார். வழி தவறிய மேதை பெரும்பாலும் சங்கீதத்தை இழந்தவன் இல்லை. இதுவரை வழியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்களை இழந்தவன். தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே அவனுக்கு வரவில்லை. என்னைக் கேட்டால் இந்த நாவலின் கரு இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது.

கர்நாடக சங்கீத உலகில் எழுத வேண்டும். முன்னுதாரணம் உண்டா?

எல்லாரும் நினைப்பது புல்லாங்குழல் மாலியை. முழுப்பெயர் டி.ஆர். மகாலிங்கம்; சினிமாவில் பாடி நடித்த டி.ஆர். மகாலிங்கம் வேறு. 1926-ல் திருவிடைமருதூரில் பிறந்து, ஏழு வயதில் மயிலாப்பூரில் அரங்கேறி, குழலில் விரல் வைக்கும் முறையையே மாற்றி, பாட்டில் வரும் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, குழலின் காற்றில் கொண்டுவந்தவர். என். ரமணி போன்ற சிஷ்யர்கள் மூலம் அந்த பாணி இன்றுவரை ஓடுகிறது. கூடவே, கச்சேரிக்கு வராமல் இருப்பது, வந்தால் பாதியில் நிறுத்துவது என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆனாலும் அடுத்த முறை ஜனம் வந்து காத்திருந்தது. 1986-ல் மறைந்தார்.

மாலியின் விசித்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நாவல் துணுக்குத் தொகுப்பாகிவிடும். அப்படி வந்த பிரதிகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் அவர் வாசிப்பைக் கேட்டவனுக்கு அது துணுக்கு இல்லை. ‘வித்வான் வரவில்லை’ என்ற காட்சியை எழுதுகிறீர்களா? வராதவனை விட்டுவிட்டு மேடையில் காத்திருப்பவர்களை எழுதுங்கள். மிருதங்கக்காரர் இடந்தலையில் (இடது பக்கத் தோலில்) ரவைப் பசை வைத்துத் தட்டிப் பார்த்துச் சரிசெய்துவிட்டார். அரை மணி ஆகிறது. ரவை காய்ந்து ஓரம் வெடிக்கிறது. விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவுகிறார். வயலின்காரர் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சுருதியை மறுபடி சேர்க்கிறார். செயலாளர் பக்கவாட்டுக் கதவுக்கும் தெருவுக்குமாக நடக்கிறார். அன்றைக்கு அந்த மிருதங்கக்காரருக்குப் பணம் கிடைக்குமா? மேதையின் கோளாறுக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்கிற நாவல் எனக்குத் தெரிந்து அபூர்வம்.

கதாநாயகன் பாடகனா, வாத்தியக்காரனா? எது வசதி?

ஆண்பிள்ளை பாடகன் என்றால் உடம்பே உங்களுக்கு ஒரு திருப்பத்தை இலவசமாகத் தருகிறது: மகரக்கட்டு, பதின்ம வயதில் குரல் உடைவது. சிறுவர்களே நடித்த பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் உச்ச ஸ்தாயியில் பாடி ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (பெண் வேடம்) போட்ட பையன், குரல் உடைந்ததும் ஒரே வருடத்தில் எடுபிடி வேலைக்கு வந்துவிடுவான். கச்சேரி மேடையிலும் அதேதான். ஐந்து கட்டை சுருதியில் பாடியவன் ஒன்றரைக் கட்டைக்கு இறங்க வேண்டும் (கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கான அளவு). நடுவில் எந்தக் கட்டையும் நிற்காத ஒரு காலம் உண்டு. பாட்டு மனதில் அப்படியே இருக்கும், தொண்டை வேறு யாருடையதோ போல இருக்கும். அந்தக் காலத்தில் பொறுமையாக இறக்கிக் கொண்டுபோகும் குரு கிடைத்தால் தப்பிப்பான். கட்டாயப்படுத்திக் கத்த வைத்தால் போச்சு.

வாத்தியக்காரனுக்கு அப்படி நாள் குறித்து வராது. அவனுடைய சரிவு மெதுவாக, வெளியே தெரியாமல் வரும். நாவலுக்கு அது கடினம், ஆனால் ஆழம் அதில்தான்.

பெற்றோரை வில்லனாக்கலாமா?

ஆக்கலாம், நிஜத்திலேயே இருந்திருக்கிறார்கள். 1925-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த ரூத் ஸ்லென்சின்ஸ்காவை அவருடைய அப்பா தினமும் ஒன்பது மணிநேரம் பியானோ முன் உட்கார வைத்தார். தப்பு விழுந்தால் அடி விழும். நான்கு வயதில் மேடை, ஆறு வயதில் பெர்லின். பதினைந்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விலகிப்போய், பெர்க்லியில் உளவியல் படித்தார். பிறகு, தன் விருப்பத்தின் பேரில், மறுபடி பியானோவுக்கு வந்தார். 2022-ல், 97 வயதில், புதிய ஆல்பம் வெளியிட்டார். இந்தக் கதையில் என்னை உலுக்குவது அடியைவிட அந்தத் திரும்பல்தான்.

ஆனால் முழு வில்லனாக எழுதினால் நாவல் எளிதாகிவிடும். தந்தைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பீத்தோவனின் அப்பா 1778-ல் கொலோன் நகரில் மகனை மேடையேற்றியபோது, ஏழு வயதுப் பையனை ஆறு என்று அறிவித்தார். ஒரு வயதைக் குறைத்தால் டிக்கெட் விற்கும். உங்கள் நாவலிலும் அப்படி ஒரு அப்பாவை வைத்துப் பாருங்கள்: வாடகை வீடு, மகனின் கச்சேரிப் பணத்தில் நடக்கும் தங்கை படிப்பு, நோட்டீஸில் ஒரு வயது குறைவு. அவர் அன்போடுதான் செய்கிறார். மகனுக்கு அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. கோபப்பட முடிந்தால் பாதி விடுதலை, அது அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

பெண்ணை மையமாக வைத்தால்?

தயவுசெய்து வையுங்கள், மிகக் குறைவாக எழுதப்பட்ட பக்கம் அது. மொசார்ட்டின் அக்கா மரியா அன்னா, 1751-ல் பிறந்தவர், தம்பியோடு சேர்ந்து ஐரோப்பா முழுக்க வாசித்தவர். 1769-ல் அப்பாவும் தம்பியும் இத்தாலிக்குக் கிளம்பினார்கள், பதினெட்டு வயதான அவர் சால்ஸ்பர்கில் நின்றுவிட்டார். வழி தவறவில்லை; வழியை மூடினார்கள். நம் ஊரில் கல்யாணத்தோடு கச்சேரியை நிறுத்திய பெண்கள் எத்தனையோ பேர். கொலுவில் ‘ஒரு பாட்டுப் பாடேன்’ என்று கேட்கும்போது மட்டும் வெளியே வரும் அந்தக் குரலை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

குடிப்பழக்கம் வைக்கலாமா?

வைக்கலாம். அதையே காரணமாக்க வேண்டாம்.

இப்போது அவனுக்கு 35 வயது. அவன் நாள் முழுக்க என்னதான் செய்வான்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்றால் இதைக் கேட்டவர்தான் நாவலை முடிப்பார்.

பிழைப்புக்கு வழிகள் உண்டு. காலை ஐந்து மணிக்கு அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆன்லைன் கிளாஸ். திரையில் சரளி வரிசை, இணையத் தாமதத்தால் தாளம் சேராது, அதனால் மாணவியின் மைக்கை அணைத்துவிட்டுப் பாடச் சொல்ல வேண்டும். ஆல் இந்தியா ரேடியோவில் கிரேடு வாங்கியிருப்பான். ‘பி ஹை’யிலிருந்து ‘ஏ’வுக்கு ஏற ஆடிஷனுக்கு விண்ணப்பிக்கவா வேண்டாமா என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவான். வயலின் என்றால் சினிமா ரெக்கார்டிங். பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு வாசிப்பு. கல்யாண ரிசப்ஷன்.

மார்கழி சீசனை விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வயதில் அவனைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. இருபத்துநான்கு வயதில் மத்தியானக் கச்சேரி கொடுக்கிறார்கள். டிக்கெட் இல்லை, கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு ஏசிக்காக உட்காருகிறவர்கள் முன் வரிசையில். குழந்தையாக இருந்தபோது அவன் வயதுதான் செய்தி. இப்போது அவன் பல இளைஞர்களில் ஒருவன். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிப் பேர் எழுந்துபோகிறார்கள். அதே வாரம் ஒன்பது வயதுக் குழந்தை ஒன்றைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்தக் கச்சேரிக்கு அவன் போவானா? போகட்டும். கடைசி வரிசையில் உட்காரட்டும். அந்தக் குழந்தை நிஜமாகவே நன்றாகப் பாடட்டும். அங்கே பொறாமையை மட்டும் எழுதினால் போதாது. அவனுக்கு மட்டும்தான் அந்தக் குழந்தைக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும்.

வயதானால் காது கெடுமா?

ஒரு ஸ்வரம் ஒலித்ததும் அதன் பெயரைச் சொல்லிவிடும் திறன் உள்ளவர்களில் சிலருக்கு, நடுவயதுக்குப் பிறகு ஸ்வரங்கள் உள்ளதைவிட உயர்ந்து கேட்க ஆரம்பிக்கும். பியானோ மேதை ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டருக்கு முதுமையில் இது பெரிய வேதனையாக இருந்தது: விரல் ஒரு ஸ்வரத்தை அழுத்தும், காது வேறொன்றைச் சொல்லும். நம் சங்கீதத்தில் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படையான ‘ச’, ஆளுக்கு ஆள் மாறுவதால் பாதிப்பு அந்த அளவுக்கு இருக்காது. மேற்கத்திய இசைக் கதாபாத்திரம் என்றால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு சங்கீதம் தெரியாது. எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஒரு வருடமாவது கற்றுக்கொள்ளுங்கள். பாடகராவதற்கு இல்லை; ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசையை மூன்று காலத்தில் (மூன்று வேகத்தில்) பாடும்போது மூன்றாம் காலத்தில் மூச்சு எங்கே போகிறது என்று உடம்பால் தெரிந்துகொள்ள. ‘தேனாகப் பாய்ந்தது’, ‘மெய்மறந்தார்கள்’ போன்ற வரிகள் அதற்குப் பிறகு தானாகவே கையிலிருந்து உதிர்ந்துவிடும். வயலின்காரரின் இடதுகை விரல் நுனியில் தந்தி அழுத்திய கோடு இருக்கும். சாதகத்தை விட்டவனுக்கு அது மெல்ல மறையும். அந்தக் கோடு மறைந்த விரலைத் தடவிப் பார்க்கும் மனிதனை எழுதினால் இரண்டு பக்கச் சோகம் மிச்சம்.

ராகங்களின் பெயரை அடுக்க வேண்டாம். ஒரே ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு, அதே ராகத்தை ஏழு வயதிலும், பதினேழிலும், முப்பத்தைந்திலும் அவன் எப்படிப் பாடுகிறான் என்று காட்டுங்கள்.

முடிவில் அவன் மறுபடி மேடையேறிக் கைதட்டல் வாங்கலாமா?

வாசகருக்குப் பிடிக்கும். எனக்கு ஒப்பவில்லை. கைதட்டல்தான் அவனைச் சின்ன வயதில் நடத்திச் சென்ற கைகளில் ஒன்று. அதனிடமே திரும்ப ஒப்படைத்தால் இத்தனை பக்கம் எதற்கு? நிரெஜ்ஹாஸி மனைவிக்காக வாசித்தார், ஸ்லென்சின்ஸ்கா யாரும் சொல்லாமல் திரும்பி வந்தார். அவன் முதல் தடவையாகத் தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அது சங்கீதத்தை விடுவதாகக்கூட இருக்கலாம். விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் ஒருவனை எழுத நிறையத் துணிச்சல் வேண்டும், முடிந்தால் செய்யுங்கள். மேடை வேண்டும் என்றே தோன்றினால், அன்றைக்கு என்ன பாடுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். கூட்டம் வந்ததா இல்லையா என்று எழுத வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு நிஜ மனிதரை வைத்து எழுதுகிறேன். பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. சங்கீத உலகம் சின்னது. வாத்தியம், ஊர், குரு பரம்பரை இந்த மூன்றில் இரண்டு பொருந்தினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வாத்தியத்தை மாற்றுங்கள், முடிந்தால் காலத்தையும் மாற்றுங்கள். வாத்தியத்தை மாற்றினால் வெறும் பெயர் மாறாது, கதையே மாறும். பாடகனை வயலின்காரனாக்கினால் மகரக்கட்டு போய்விடும், அந்த இடத்தில் வேறு காரணத்தை நீங்களே உண்டாக்க வேண்டியிருக்கும். அவர் உயிரோடு இருந்து, உங்களை நம்பி எதையாவது சொல்லியிருந்தால், எழுதுவதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள்.